ஐந்து குறிஞ்சியும் ஒரு கைக்கடிகாரமும்

பழனி மலைக்கோயிலில் உண்டியல் எண்ணும் நாள் என்றால் கார்த்திகை மண்டபம் நிறைந்துவிடும். கோயில் பணியாளர்கள், வங்கி அலுவலர்கள், பழனியாண்டவர் கல்லூரி மாணவியர் எனப் பலரும் வரிசையாக உட்கார்ந்து எண்ணுவார்கள். ரூபாய் நோட்டு ஒரு பக்கம், சில்லறை ஒரு பக்கம், மலேசியா, சிங்கப்பூர், இலங்கைப் பணம் இன்னொரு பக்கம் எனப் பிரியும். மறுநாள் நாளிதழில் வசூல் தொகையைப் படித்துவிட்டு எல்லாரும் பக்கத்தைப் புரட்டிவிடுவார்கள். அந்தச் செய்தியின் கடைசிப் பத்திதான் சுவையானது. தங்க வேல், தாலி, மோதிரம், வெள்ளிக் காவடி, வெள்ளிப் பாதம் என்று இறங்கிவரும் பட்டியலின் முடிவில் பித்தளை வேல், பட்டு வேட்டி, ஏலக்காய், முந்திரி, நவதானியம் ஆகியவற்றோடு கைக்கடிகாரங்களும் இருக்கும்.

பொன்னும் பட்டும் தானியமும் ஆண்டவனுக்குப் போவது நெடுங்கால வழக்கம். கைக்கடிகாரம் அந்த வரிசையில் இடம்பிடித்தது அண்மையில்தான். முதல் உலகப் போருக்கு முன்பு மணிக்கட்டில் கட்டும் கடிகாரம் பெண்களின் அணிகலனாகவே பெரும்பாலும் கருதப்பட்டது. ஆண்கள் சங்கிலி கோத்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார்கள். இவ்வளவு புதிய பொருள், மனிதர்கள் தம்மிடம் இருப்பதில் அருமையானதைக் கொடுக்கும் இடத்துக்கு வந்து சேர்ந்திருக்கிறது. நாற்பதோ ஐம்பதோ அறுபதோ நிறைகிறபோது, இத்தனை வருடம் உழைத்ததற்கு விலையுயர்ந்த வாட்ச் ஒன்றை முதன்முதலாக வாங்கிக் கட்டிக்கொள்ள வேண்டும் என்ற ஆசை நடுத்தரக் குடும்பங்களில்கூட இன்று சாதாரணம். வயதுக்கும் கடிகாரத்துக்கும் இந்த முடிச்சு எப்படி விழுந்தது என்று பழனிமலைத் தொடரில் தேடினால், மற்ற இடங்களைவிடச் செறிவான விடை கிடைக்கிறது. வயதை எண்ண இந்த மலைக்கென்றே ஒரு பழைய முறை இருந்தது. தென்னாட்டுக்கே நேரம் சொன்ன ஒரு வானாய்வுக்கூடத்தின் கடிகாரமும் கடைசியில் இங்கேதான் வந்து சேர்ந்தது.

பளியர் இம்மலையின் தொல்குடிகள். தேன் எடுப்பதும் கிழங்கு அகழ்வதும் அவர்களுடைய பழைய பிழைப்பு. எழுதி வைத்த பிறந்த தேதி அவர்களிடம் இல்லை. குறிஞ்சி எத்தனை முறை பூத்தது என்பதை வைத்து வயதைக் கணக்கிட்டார்கள். சோலைக்காடுகளை ஒட்டிய புல்வெளிச் சரிவுகளில் வளரும் நீலக்குறிஞ்சி 12 ஆண்டுக்கு ஒருமுறை, ஒட்டுமொத்தமாக, மலைச்சரிவே நிறம் மாறும்படி பூக்கும். விதைவிட்டதும் செடி மடிந்துபோகும். அடுத்த தலைமுறைச் செடி முளைத்து வளர்ந்து பூக்க இன்னொரு 12 ஆண்டு. இந்தக் கணக்கில் இரண்டு குறிஞ்சி கண்டவர் இளவட்டம். நான்கு கண்டவர் பேரன் பேத்தி எடுத்திருப்பார். ஆறு கண்டவர் ஊருக்கே மூத்தவர். 1994, 2006, 2018 ஆகியவை அண்மைப் பூப்புகள். அடுத்தது 2030.

சமவெளித் தமிழரின் வயதுக் கணக்கும் பன்னிரண்டில்தான் நிற்கிறது. வியாழன் ராசி மண்டலத்தை ஒருமுறை சுற்றிவர ஏறத்தாழ 12 ஆண்டும், சனிக்கு ஏறத்தாழ 30 ஆண்டும் ஆகும். இரண்டும் சேர்ந்து பழைய இடத்துக்குத் திரும்ப 60 ஆண்டு. பிரபவ முதல் அட்சய வரையிலான 60 வருடப் பெயர்கள் இந்தச் சுழற்சியைச் சார்ந்தவை. பிறந்தபோது இருந்த வருடத்தின் பெயர் மறுபடி வரும்போது சஷ்டியப்த பூர்த்தி, மணிவிழா. திருக்கடையூரில் தம்பதியர் மறுமாலை மாற்றிக்கொள்கிறார்களே, அந்த அறுபது பளியர் கணக்கில் ஐந்து குறிஞ்சி. 1970இல், சாதாரண என்ற பெயர்கொண்ட வருடத்தில் பிறந்தவர்களுக்கு 2030இல் அதே சாதாரண வருடம் திரும்பும். அவர்கள் பிறந்த ஆண்டு குறிஞ்சி பூத்த ஆண்டு. அறுபது நிறையும் ஆண்டும் அதுவே. மலையின் கணக்கும் பஞ்சாங்கக் கணக்கும் இப்படி ஒரே ஆளின் வாழ்வில் கைகோப்பதைப் பார்க்க வாய்த்தவர்கள் கொடுத்துவைத்தவர்கள்.

அந்தப் பூவின் பெயராலேயே, இம்மலைத் தொடரின் மேலுள்ள கோடைக்கானலில் குறிஞ்சியாண்டவர் கோயில் இருக்கிறது. 1936இல் அதைக் கட்டியவர் லேடி ராமநாதன். ஆஸ்திரேலியாவில் பிறந்து, இலங்கைத் தமிழ்த் தலைவர் பொன்னம்பலம் இராமநாதனை மணந்து, சைவராகவே வாழ்ந்த பெண்மணி. கோயில் வளாகத்திலிருந்து வானம் தெளிந்த நாளில் வடக்கே பழனிக் குன்று தெரியும்.

குறிஞ்சி ஆண்டுகளைச் சொல்லும், நாழிகையைச் சொல்லாது. ஆனால் ஒரு குழந்தை பிறந்ததும் தமிழ்க் குடும்பம் முதலில் கேட்பது நேரத்தைத்தான். நாளுக்கு 60 நாழிகை, ஒரு நாழிகைக்கு 24 நிமிடம். லக்கினம் மாறும் விளிம்பில் பிறந்த குழந்தைக்குச் சில நிமிடப் பிழை போதும், சாதகமே வேறாகிவிடும். முன்பு நாழிகை வட்டிலையும் நிழலையும் விண்மீனையும் நம்பினார்கள். பத்தொன்பதாம் நூற்றாண்டில் வீடுகளுக்குச் சுவர்க் கடிகாரம் வந்தபோது, வசதியைக் காட்டிக்கொள்ள மட்டும் அதை வாங்கினார்கள் என்று நினைப்பது தவறு. பிறந்த நேரம் குறிக்க உதவியதும் அதன் மதிப்பில் சேர்ந்தது.

அந்தக் கடிகாரங்களுக்குச் சரியான நேரம் எங்கிருந்து வந்தது? சென்னையிலிருந்து. 1786இல் வில்லியம் பெட்ரி என்ற கிழக்கிந்தியக் கம்பெனி அதிகாரி எழும்பூரில் சொந்தச் செலவில் ஒரு வானாய்வுக்கூடம் வைத்தார். பிறகு அதன் கருவிகள் கம்பெனிக்கு வந்தன; 1792இல் நுங்கம்பாக்கத்தில் புதிய கட்டடம் எழுந்தது. தொலைநோக்கியைத் தாங்கிய கருங்கல் தூண் இன்றும் வானிலை ஆய்வு மைய வளாகத்தில் நிற்கிறது. அதில் தமிழ் உட்படப் பல மொழிகளில் எழுத்து பொறித்திருக்கிறார்கள். இந்தக் கூடத்தின் தீர்க்கரேகையை வைத்துக் கணித்ததுதான் சென்னை நேரம்: கிரீனிச்சுக்கு ஏறத்தாழ 5 மணி 21 நிமிடம் முன்னே. புனித ஜார்ஜ் கோட்டையில் இரவு 8 மணிக்கு வெடித்த பீரங்கிக்கும் இதுவே கணக்கு. நாடெங்கும் ரயில்கள் பல ஆண்டுகள் இந்த நேரத்தில் ஓடின. 1906 ஜனவரி 1இல் இந்திய நேரம் வந்தபோது சென்னைக் கடிகாரங்களை ஒன்பது நிமிடம் முன்னுக்குத் தள்ள வேண்டியிருந்தது.

அங்கே வேலை பார்த்தவர்களில் சிந்தாமணி ரகுநாதாச்சாரி என்ற பெயரைத் தமிழ் வாசகர்கள் மறக்கக்கூடாது. முதல் உதவியாளராக இருந்த அவர் 1867இல் ஒளி மாறும் விண்மீன் ஒன்றைக் கண்டுபிடித்தார். வானத்தில் நேரே பார்த்ததோடு ஒத்துவரும் திருக்கணிதப் பஞ்சாங்கத்தையும் அவரே வெளியிட்டார். பிறந்தநாளை நட்சத்திரம் பார்த்துக் கொண்டாடும் ஊரில், அந்த நட்சத்திரம் எந்த நிமிடத்தில் மாறுகிறது என்பதைத் தொலைநோக்கி வழியாகத் திருத்திக் கொடுத்தவர் அவர்.

1876 முதல் 1878 வரை தென்னாட்டைப் பிழிந்தெடுத்த தாது வருடப் பஞ்சம் இந்தக் கதையைக் கோடைக்கானலுக்குத் திருப்பியது. பருவமழை பொய்ப்பதற்கும் சூரியனில் நடக்கும் மாற்றங்களுக்கும் தொடர்பு உண்டா என்று ஆராய வேண்டும் என்ற பேச்சு எழுந்தது. புழுதியும் ஈரப்பதமும் குறைந்த உயரமான இடம் தேவைப்பட்டது. வானியலாளர் மிச்சி ஸ்மித் நீலகிரியையும் பழனிமலையையும் ஒப்பிட்டுப் பார்த்துக் கோடைக்கானலைத் தேர்ந்தார். 1895இல் ஆளுநர் வென்லாக் அடிக்கல் நாட்டினார். 1899இல் வானாய்வு மலைக்கு மாறியது. சென்னையில் நேரம் கணிக்கும் வேலை மட்டும் 1931 வரை நடந்தது.

மாறி வந்த சாமான்களில் ஒரு கடிகாரம் இருந்தது. லண்டனின் ஜான் ஷெல்டன் செய்தது. 1761, 1769 ஆண்டுகளில் சுக்கிரன் சூரியனைக் கடந்தபோது அதை அளக்க உலகின் பல மூலைகளுக்கும் எடுத்துச் சென்ற கடிகாரங்கள் இவர் கைவேலை. கேப்டன் குக் தன் முதல் பசிபிக் பயணத்தில் கொண்டுபோனதும் ஷெல்டன் கடிகாரம்தான். சென்னைக் கூடத்தின் தொடக்ககாலக் கருவிகளில் ஒன்றான அதன் உடன்பிறப்பு இப்போது கோடைக்கானலில், கடல்மட்டத்துக்கு 2343 மீட்டர் மேலே, காக்கப்படுகிறது. ஆளுயரப் பெட்டி, கனத்த எடை மெல்ல இறங்கப் பல்சக்கரங்கள் சுழலும், ஊசல் ஒரு பக்கம் போய்ச்சேர ஒரு வினாடி. ஊசலின் தண்டு ஒற்றைக் கம்பி அல்ல. வெயிலில் ஒரு உலோகம் நீண்டால் மற்றொன்று அந்த நீட்சியைச் சரிக்கட்டும்படி இரு வேறு உலோகக் கம்பிகளை அடுத்தடுத்து நிறுத்தியிருக்கிறார்கள்.

சென்னையில் சரியாக ஓடிய ஊசல் கடிகாரத்தை அப்படியே தூக்கிவந்து கோடைக்கானலில் மாட்டினால் நேரம் தவறும். மலையுச்சியில் புவியீர்ப்பு இம்மியளவு குறைவு. ஊசல் சற்று மெதுவாக ஆடும். கணக்குப் போட்டால் ஒரு நாளைக்கு ஏறத்தாழ அரை நிமிடம் பின்தங்கும். ஊசல் குண்டை ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவாக மேலே ஏற்றி அதைச் சரிசெய்ய வேண்டும். சரியா என்று பார்க்க விண்மீன்களே துணை. இரவில் ஒரு விண்மீன் உச்சிக்கோட்டைக் கடக்கும் கணத்தைத் தொலைநோக்கியில் பிடித்து, அதே கணத்தில் வினாடி முள் எங்கே நிற்கிறது என்று பார்ப்பார்கள். அன்று மலைக்கு மோட்டார் சாலை இல்லை. ரயிலில் அம்மையநாயக்கனூர் வரை, மாட்டு வண்டியில் அடிவாரம் வரை, அப்புறம் ஒற்றையடிப் பாதையில் மனிதத் தோள்களிலும் மாடுகளிலும்தான் எல்லாம் ஏறின. அந்தச் சுமைக்காரர்களின் பெயர்கள் எளிதில் கிடைப்பதில்லை. இந்த மலையின் அறிவியல் அவர்கள் தோளில் ஏறிவந்தது.

1909 ஜனவரியில் ஜான் எவர்ஷெட் சூரியப் புள்ளிகளில் வாயு ஆரப்போக்கில் வெளிநோக்கிப் பாய்வதைக் கண்டது இங்கேதான். எவர்ஷெட் விளைவு என்று உலகப் பாடநூல்களில் நிலைத்த பெயர் அது. நூறாண்டுக்கும் மேலாக எடுத்துச் சேர்த்த சூரியப் படங்கள் இங்கே இருக்கின்றன. எந்த நாள், எந்த நேரத்தில் எடுத்தது என்று தெரியாவிட்டால் அந்தப் படங்களால் பயனே இல்லை.

இனி சட்டைப்பைக்கு வரலாம். கோடைக்கானலுக்கு மேமாதம் ஓய்வெடுக்க வந்த துரைமாரும் மதுரை மிஷன் பாதிரிமாரும் கையில் வைத்திருந்தது சட்டைப்பைக் கடிகாரம். மிஷன் ஆட்கள் 1845இல் இங்கே எழுப்பிய முதல் இரண்டு வீடுகளில் ஒன்றுக்கு ஷெல்டன் என்றே பெயர். அந்தப் பெயர்கொண்ட கடிகாரம் வந்ததோ அரை நூற்றாண்டு கழித்து. சென்னை மாகாணத்தில் உயர்தரக் கடிகாரம் என்றால் மவுண்ட் ரோடு பி. ஆர் அண்ட் சன்ஸ். வைர நகையும் வெள்ளிச் சாமானும் விற்ற கடை. முகப்பில் அந்தக் கடைப்பெயர் எழுதிய கடிகாரங்கள் இன்னும் பழைய வீடுகளில் கிடைக்கின்றன. வக்கீல், தாசில்தார், ஸ்டேஷன் மாஸ்டர், தலைமையாசிரியர் என்று சம்பளமும் பதவியும் நேரத்தோடு பிணைந்த ஒரு வகுப்பு அப்போது உருவாகிக்கொண்டிருந்தது. ரயிலும் கச்சேரியும் பள்ளிக்கூட மணியும் அவர்கள் நாளை வகுத்தன. அவர்களுக்குக் கடிகாரம் தொழிற்கருவி. வேலையிலிருந்து விலகும் நாளில் சக ஊழியர்கள் கூடிக் கடிகாரம் பரிசளிப்பது, உலகெங்கும் இருந்ததுபோல், இங்கேயும் மரபானது. வயது முடிச்சு இங்கேதான் விழுந்தது என்று சொல்லலாம்: ஐம்பத்தைந்து நிறைந்தால் ஓய்வு, ஓய்வென்றால் கடிகாரம்.

அடுத்த தலைமுறைக்கு வெஸ்ட் எண்ட், ஃபேவர் லூபா. முன்னது பம்பாயில் 1886இல் தொடங்கி இந்தியச் சந்தைக்கென்றே சுவிஸ் கடிகாரம் செய்த கம்பெனி. ஃபேவர் லூபா அதற்கும் முன்பே, 1860களில், இந்தியா வந்தது. சுதந்திரத்துக்குப் பிறகு இறக்குமதி இறுகியது. நல்ல வாட்ச் என்பது சிங்கப்பூரிலிருந்தோ பினாங்கிலிருந்தோ கொழும்பிலிருந்தோ திரும்பும் உறவினர் கையில் வரவேண்டிய பொருளானது.

அந்தத் தட்டுப்பாட்டை உடைத்தது மத்திய அரசின் எச்.எம்.டி. நிறுவனம். ஜப்பானின் சிட்டிசன் நிறுவனத்தோடு சேர்ந்து 1961இல் பெங்களூரில் கைக்கடிகார ஆலை தொடங்கியது. முதல் தொகுதிக் கடிகாரங்களை வெளியிட்டவர் நேரு. ஜனதா, பைலட், சோனா, காஞ்சன் என்ற பெயர்களைக் கேட்டால் இன்று ஐம்பதைக் கடந்தவர்களின் முகம் மலரும். காஞ்சன் மாப்பிள்ளைக்கு, ஜனதா பத்தாம் வகுப்பில் தேறிய பையனுக்கும் முதல் வேலைக்குப் போகும் மகனுக்கும். கேட்டவுடன் கடையில் கிடைக்காது, சொல்லிவைத்து வாங்க வேண்டும். காலையில் பல் துலக்கியதும் ஓரத்துத் திருகைப் பிடித்து, இறுகும் வரை சாவி கொடுப்பது அந்த வீடுகளின் முதல் வேலை. கோடைக்கானல் போன்ற ஊரில் இன்னொரு கவலையும் உண்டு. பனிமூட்டம் இறங்கினால் அடைப்புச் சரியில்லாத கடிகாரத்தின் கண்ணாடிக்குள் வேர்க்கும். ரிப்பேர்க்காரர் லென்ஸைக் கண்ணில் செருகி, பின்மூடியைத் திறந்து, ஈரம் போக உலர்த்தி, பழைய எண்ணெயைத் துடைத்து, ஊசி முனையில் புதுச் சொட்டு வைத்துக் கொடுப்பார். விலையைப் பார்த்தால் ஜனதாவை ஆடம்பரம் என்று யாரும் சொல்லமாட்டார்கள். ஒரு குடும்பத்தின் முதல் பெரிய பரிசு என்ற வகையில், இன்றைய லட்ச ரூபாய்க் கடிகாரம் வகிக்கும் இடத்தை அன்று அதுவே வகித்தது. 2016இல் மத்திய அரசு அந்த ஆலைகளை மூட முடிவெடுத்தபோது, நின்றுபோயிருந்த பழைய ஜனதாக்களைத் தேடி எடுத்துப் பழுதுபார்க்கக் கொடுத்தவர்கள் ஏராளம்.

அதற்குள் தமிழ்நாடு தானே கடிகார நாடாகியிருந்தது. டாடாவும் மாநில அரசின் டிட்கோவும் சேர்ந்து 1984இல் டைட்டன் நிறுவனத்தைத் தொடங்கின, ஆலை ஓசூரில். வழிநடத்தியவர் செர்க்ஸஸ் தேசாய். கடிகார வேலையே அறியாத இளைஞர்களைத் தமிழ்நாட்டுப் பள்ளிகளிலிருந்து தேர்ந்து பயிற்சி கொடுத்தார்கள். 1987இல் முதல் ஷோரூம். மோசார்ட் இசையோடு வந்த விளம்பரத்தில், கடிகாரம் பிறந்தநாளுக்கும் மணநாளுக்கும் பிரிவுக்கும் கொடுக்கும் பரிசாக முன்னிறுத்தப்பட்டது. வீட்டுக்கு ஒன்று என்றிருந்த பொருளை ஆளுக்கொன்று, நாளுக்கொன்று என்று மாற்றியது அந்த விளம்பரம்தான். 2002இல் வந்த எட்ஜ் வெறும் 3.5 மில்லிமீட்டர் தடிமன். உள்ளே இயக்கும் பொறி 1.15 மில்லிமீட்டர். 2011இல், தாத்தாக்கள் கட்டிய அதே ஃபேவர் லூபாவை ஓசூர் நிறுவனம் விலைக்கே வாங்கியது. பின்னாளில் அது கைமாறிவிட்டாலும், சுவிஸ் பெயர் ஒன்று தமிழ்நாட்டுக்குச் சொந்தமாக இருந்த காலம் பெருமைக்குரியது. தன் நாற்பது ஆண்டுப் பயணத்தைக் குறிக்க டைட்டனே ஒரு ஆடம்பரக் கடிகாரம் செய்தது: நெபுலா வரிசையில் ஜல்சா. தங்க உறை, ஓவியர் ஷாகிர் அலி நுண்ணோவியமாகத் தீட்டிய ஹவா மஹால், சுழன்றபடியே துடிக்கும் டூர்பியோன் பொறி. பத்தே பத்துதான் செய்தார்கள். வெளியானபோது விலை 40 லட்சம் ரூபாய்க்கும் மேல்.

இன்று அறுபது நிறையும் அப்பாவுக்கு வாட்ச் வாங்கத் துணியும் மகளுக்கோ மகனுக்கோ தேர்வுக்குப் பஞ்சமில்லை. சுவிட்சர்லாந்து உள்ளிட்ட நாடுகளோடு இந்தியா 2024இல் செய்துகொண்ட வணிக ஒப்பந்தம் நடைமுறைக்கு வந்து, சுவிஸ் கடிகாரங்கள் மீதான சுங்கவரி படிப்படியாகக் குறைந்துவருகிறது. விளம்பரங்கள் பெயரையும் விலையையும் பேசுகின்றன. ஷெல்டன் கடிகாரத்தின் இருநூறு ஆண்டைக் கடந்த வாழ்க்கை வேறொன்றைக் கவனிக்கச் சொல்கிறது. விண்மீன் பார்த்து அதைத் திருத்தியவர்கள், பல்சக்கரம் துடைத்தவர்கள், ஊசல் குண்டை இம்மி ஏற்றியவர்கள் வரிசையாக வந்ததால்தான் அது மிஞ்சியது. சாவியில் ஓடும் எந்தக் கடிகாரத்துக்கும் சில ஆண்டுகளுக்கொருமுறை பிரித்துச் சுத்தம் செய்து எண்ணெய் மாற்றும் கை வேண்டும். பழைய ஜனதாவை ஊர்க் கடைவீதியிலேயே திறந்துவிடலாம். லட்சங்கள் கொடுத்து வாங்கும் கடிகாரம் சென்னைக்கோ பெங்களூருக்கோ, சில வேளை ஜெனீவாவுக்கேகூடப் போய்வர வேண்டியிருக்கும். எனவே மலையிலிருந்து இறங்கிக் கடைக்குப் போகிறவர் தள்ளுபடி எவ்வளவு என்று விசாரிக்கும் முன்பு, சர்வீஸ் எந்த ஊரில், எத்தனை வாரம் பிடிக்கும், எவ்வளவு ஆகும், இருபது ஆண்டு கழித்தும் உதிரிப்பாகம் கிடைக்குமா என்று கேட்டு எழுதி வாங்கிக்கொள்வது நல்லது.